மீதி கூடுதலாக வந்தால் யாரிடம் கொடுப்பது, எப்படிக் கொடுப்பது

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், ஃபீனிக்ஸில் இருக்கும் ஓர் அக்கா மாதக் கடைசியில் பெரிய சூப்பர்மார்க்கெட் ஒன்றில் சாமான் வாங்கியிருக்கிறார். ஸ்லிப்பில் 473.47 ராண்ட். மூன்று 200 ராண்ட் நோட்டுகளைக் கொடுத்துவிட்டு மீதியை எண்ணாமல் பர்ஸில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். வீட்டில் எண்ணினால் 126.60 இருக்க வேண்டிய இடத்தில் 306.60 இருக்கிறது. சாமானை அடுக்கும்போது இன்னொன்றும் தெரிந்தது: 2 கிலோ துவரம் பருப்புப் பாக்கெட் இரண்டு வந்திருக்கிறது, ஸ்லிப்பில் ஒன்றுதான். "பெரிய கம்பெனி, விட்டுத் தள்ளு" என்கிறார் வீட்டுக்காரர். "இது திருட்டுக் கேஸ் ஆகுமா?" என்று மகன் கேட்கிறான். அக்காவின் கவலை வேறு: திரும்பப் போய்ச் சொன்னால் அந்த டில்லில் (காசு வாங்கும் இடத்தில்) இருந்த பெண்ணுக்கு வேலை போய்விடுமோ?

போங்கள், அக்கா. முடிந்தால் இன்றைக்கே கடைக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிட்டு, அடுத்த முறை போகும்போது நேரில் கொடுங்கள். ஆனால் 180 ராண்டும் பருப்பும் ஒரே மாதிரியான பிழை இல்லை. ஒன்றில் கேஷியரின் கணக்கு உதைக்கிறது, மற்றொன்றில் கடையின் இருப்புக் கணக்கு. சரிசெய்யும் வழியும் வேறு வேறு.

முதலில் மீதி. கேஷியர் வேலை தொடங்கும்போது தன் எண்ணைத் தட்டி டில்லைத் திறக்கிறார். சில்லறை கொடுப்பதற்காக ஃப்ளோட் என்று ஒரு தொகை அவரிடம் எண்ணிக் கொடுக்கப்படும். டிராயரில் நோட்டு சேரச் சேர சூப்பர்வைசர் வந்து எண்ணி எடுத்துக்கொண்டு போவார். ஷிஃப்ட் முடிந்ததும் கேஷ்-அப். ஃப்ளோட்டையும் ரொக்க விற்பனையையும் கூட்டி, ஏற்கெனவே எடுத்துப்போன நோட்டுகளைக் கழித்தால் என்ன வருமோ அது டிராயரில் இருக்க வேண்டும். உங்களுக்குக் கூடுதலாக வந்த 180 ராண்ட் அங்கே "ஷார்ட்" என்று, அவருடைய எண்ணுக்கு எதிரே, அன்றைக்கே பதிவாகும். கம்பெனியின் வருடாந்தரக் கணக்கில் அது தூசு. அவருடைய பெயருக்கு எதிரே தூசு இல்லை.

2025 மார்ச்சில் இந்த நாட்டின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79 ராண்டாக இருந்தது. அந்தக் கணக்கில் 180 ராண்ட் என்பது ஆறு மணி நேரக் கூலிக்கும் கொஞ்சம் மேலே. இதை வீட்டுக்காரரிடம் சொல்லிப் பாருங்கள்.

"ஷார்ட் வந்தால் சம்பளத்தில் பிடிப்பார்களா?" என்றால், இஷ்டத்துக்குப் பிடிக்க முடியாது. 1997ஆம் ஆண்டின் அடிப்படை வேலை நிபந்தனைச் சட்டம், பிரிவு 34, இதற்கு வரம்பு போட்டிருக்கிறது. தொழிலாளி எழுத்தில் சம்மதிக்க வேண்டும். இழப்பு வேலையின்போது அவருடைய தவறால் நேர்ந்ததாக இருக்க வேண்டும். ஏன் பிடிக்கக் கூடாது என்று சொல்ல அவருக்கு நியாயமான வாய்ப்பு கொடுக்க வேண்டும். உண்மையான இழப்புக்கு மேல் பிடிக்கக் கூடாது, மொத்தப் பிடித்தமும் ரொக்கச் சம்பளத்தில் கால் பங்கைத் தாண்டக் கூடாது. சட்டம் இப்படி இருக்கிறது. நடைமுறையில், வேலைக்குச் சேரும் நாளிலேயே சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளும் கடைகளும் உண்டு. பிடித்தமே இல்லாத கடைகளில்கூட ஷார்ட் அடிக்கடி வந்தால் எச்சரிக்கைக் கடிதம் வரும். ஆகவே நீங்கள் பணத்தோடு போவது அந்தப் பெண்ணை மாட்டிவிடுவதாகாது. காரணம் தெரியாத ஷார்ட்டுக்குக் காரணம் சொல்பவர் நீங்கள்தான். மேனேஜருக்குக் காரணம் தெரியாத 180 ராண்ட் என்றால் சந்தேகம், காரணம் தெரிந்தால் கைத்தவறு.

எப்படி நடந்திருக்கும் என்பதும் உங்கள் எண்களிலேயே தெரிகிறது. 126.60 கொடுக்க ஒரு 100, ஒரு 20, ஒரு ஐந்து ராண்ட், ஒரு ஒற்றை ராண்ட், 60 சென்ட் எடுக்க வேண்டும். 180 கூடுதல் என்றால் 20 ராண்ட் நோட்டுக்குப் பதில் 200 ராண்ட் நோட்டு வந்திருக்கிறது. 20 பழுப்பு, 200 ஆரஞ்சு. நோட்டு கசங்கியிருந்தாலோ, மாதக் கடைசி வரிசையில் கை வேகமாக ஓடினாலோ மாறிவிடும். நீங்கள் கொடுத்த மூன்று 200 நோட்டுகள் சரியான அறையில் விழாமல் 20 அறையின் மேலேயே கிடந்திருக்கவும் வாய்ப்புண்டு. பர்ஸில் ஒரு 100, ஒரு 200, மீதி காசு என்று இருந்தால் இதுதான் நடந்தது. போனில் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மேனேஜர் உடனே நம்புவார்.

இடையில் ஒரு சின்ன விஷயம். 473.47க்கு ரொக்கமாகக் கொடுக்கும்போது 473.40 மட்டும் எடுத்துக்கொண்டார்களே, அந்த 7 சென்ட் பிழை இல்லை. 1, 2 சென்ட் காசுகள் 2002இல் நின்றன, 5 சென்ட் 2012இல் நின்றது. அதிலிருந்து ரொக்கம் என்றால் 10 சென்ட்டுக்குக் கீழிறக்கிக் கொடுப்பது வழக்கம். டில்லே அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். கார்டில் கட்டினால் 473.47 அப்படியே போகும். இதற்கெல்லாம் மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இனி திருப்பிக் கொடுக்கும் முறை. நல்ல மனசோடு போய் வேறொரு சிக்கலை உண்டாக்கிவிட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

அந்தப் பெண்ணைத் தேடிப் பிடித்து, கையில் 180 ராண்டைத் திணிக்காதீர்கள். டில்லில் இருப்பவர்கள் சொந்தப் பணம் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது பல கடைகளில் விதி. தலைக்கு மேல் கேமரா இருக்கிறது. மறுநாள் ஒரு வாடிக்கையாளர் தனியாக நோட்டு நீட்டி அவர் வாங்கிக்கொள்வது படத்தில் எப்படித் தெரியும் என்று யோசியுங்கள். அவர் அதை டிராயரில் போட்டாலும் வினைதான்: நேற்றைய ஷார்ட் அப்படியே இருக்கும், இன்றைக்கு 180 "ஓவர்" காட்டும். ஓவர் வந்தாலும் ஷார்ட் மாதிரியே விசாரிப்பார்கள், ஏனென்றால் வேறு யாருக்கோ மீதி குறைத்துக் கொடுத்ததன் அடையாளமாகவும் அது இருக்கலாம்.

டில்லை விட்டு நகர்வதற்குள் தெரிந்திருந்தால் நேரே அவரிடமே சொல்லலாம். "சிசி, மீதியைக் கொஞ்சம் பாருங்கள், 20க்குப் பதில் 200 வந்திருக்கிறது" என்றால் போதும். மெதுவாக, வரிசைக்குக் கேட்காமல். அடுத்த ஆளின் சாமான் ஓட ஆரம்பித்துவிட்டால் டிராயர் திறக்காது, அந்த விற்பனை முடியும் வரை ஓரமாக நின்றால் சரி. வீட்டுக்கு வந்த பிறகு தெரிந்தால் ஸ்லிப்பை எடுங்கள். அதில் கடையின் போன் எண், தேதி, நேரம், டில் எண், கேஷியரின் பெயரோ எண்ணோ, விற்பனை எண் எல்லாம் அச்சாகியிருக்கும். அன்றைக்கே கூப்பிட்டு டில் எண்ணையும் நேரத்தையும் சொன்னால், கேஷ்-அப் நடக்கும்போதே அவர்கள் குறித்துக்கொள்வார்கள். அதுவே அந்தப் பெண்ணுக்குப் பாதி உதவி. பணத்துக்காக டாக்ஸி பிடித்து அன்றைக்கே ஓட வேண்டியதில்லை, அடுத்த சாமான் வாங்கப் போகும்போது கொடுக்கலாம்.

நேரில் போகும்போது டில் வரிசைக்குப் போகாமல் கஸ்டமர் சர்வீஸ் கவுண்டரில் சூப்பர்வைசரைக் கேளுங்கள். பணத்தை எண்ணிக் கொடுத்து, எந்தத் தேதி, எந்த டில் என்று குறித்து ஒரு கையெழுத்து வாங்குங்கள். ஸ்லிப்பின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தாலும் போதும். அதைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். பணம் போய்ச் சேர வேண்டிய கணக்கில் சேர்வதற்கு அந்தக் கையெழுத்துதான் பிடி. "அந்தப் பெண் மேல் தவறில்லை, கூட்டம் அதிகம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் நன்றாக இருக்கும். அதற்கு மேல் வாதாட வேண்டாம்.

பருப்பு விஷயம் வேறு. இரண்டு பாக்கெட் போய், ஒன்று மட்டும் ஸ்கேன் ஆகியிருந்தால் கேஷியரின் டிராயர் சரியாகவே இருக்கும், ஷார்ட் வராது. கணினி இருப்பில் ஒரு பாக்கெட் அதிகமாகவும் அலமாரியில் ஒன்று குறைவாகவும் நிற்கும். அடுத்த ஸ்டாக் எண்ணிக்கையில்தான் அது வெளியே வரும், யார் மேல் என்று தெரியாத நஷ்டமாக. பிளாஸ்டிக் பாக்கெட் மடிந்து பார்கோடு சுருங்கியிருந்தாலோ, ஒன்றை ஸ்கேன் செய்து "2" என்று தட்ட மறந்தாலோ இப்படி ஆகும். ட்ராலியின் அடித்தட்டில் கிடக்கும் 10 கிலோ அரிசி மூட்டை தப்பிப்போவதும் இதே வகைதான். வாசலில் செக்யூரிட்டி ஸ்லிப்பைப் பார்த்துக் கோடு போடுகிறாரே, அது இதற்காகத்தான். ஆனால் 40 சாமான் இருக்கும் ட்ராலியில் இரண்டாவது பருப்பை அவர் எங்கே தேடுவார்!

சரிசெய்ய இரண்டு வழி. பாக்கெட் பிரிக்காமல் இருந்தால் ஸ்லிப்போடு எடுத்துக்கொண்டு போங்கள். ஆனால் வாசலில் நுழையும்போதே செக்யூரிட்டியிடம் காட்டிச் சொல்லிவிடுங்கள். பையில் பருப்போடு கடைக்குள் சுற்றிவிட்டு டில்லுக்குப் போனால், கட்ட வந்தவர் எடுக்க வந்தவராகத் தெரிவார். பிரித்துச் சமைத்துவிட்டீர்கள் என்றால் இன்னும் சுலபம்: அலமாரியிலிருந்து அதே பருப்பில் ஒன்றை எடுத்து ஸ்கேன் செய்யச் சொல்லி, காசு கட்டி, பாக்கெட்டை அங்கேயே விட்டுவிடுங்கள். கணினியில் ஒன்று குறையும், அலமாரியில் குறையாது, இரண்டும் நேராகிவிடும். அதே பிராண்ட், அதே 2 கிலோ அளவு என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 1 கிலோ இரண்டாகக் கட்டினால் காசு சரியாக இருக்கலாம், இருப்பு சரியாகாது.

மகன் கேட்ட சட்டக் கேள்விக்கு வருவோம். தெரியாமல் வாங்கி வந்ததில் குற்றம் எதுவும் இல்லை. தெரிந்த பிறகு "நமக்கே இருக்கட்டும்" என்று முடிவு செய்யும் இடத்தில்தான் தென்னாப்பிரிக்கச் சட்டம் முகம் மாறுகிறது. தனக்குச் சேராத காசோலை தவறுதலாக வந்தது என்று தெரிந்தே அதைக் கணக்கில் போட்டுப் பயன்படுத்தியது திருட்டு என்று 1975இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 2004இல் நிசான் நிறுவனம் தவறான வங்கிக் கணக்குக்கு அனுப்பிய 1 கோடியே 27 லட்சம் ராண்ட் பற்றிய வழக்கிலும் அதே கருத்து: கணக்கில் வந்து விழுந்ததால் மட்டும் பணம் உங்களுடையது ஆகிவிடாது. எல்லாருக்கும் நினைவிருக்கும் வழக்கு ஈஸ்டர்ன் கேப் மாணவியுடையது. 2017இல் மாதம் 1,400 ராண்ட் சாப்பாட்டுப் படி வர வேண்டிய இடத்தில் 1 கோடியே 40 லட்சம் வந்தது. பிழை தெரிவதற்குள் 8 லட்சத்துக்கு மேல் செலவாகியிருந்தது. 2022இல் திருட்டு என்று தீர்ப்பாகி ஐந்து ஆண்டு சிறை விதித்தார்கள். 2023இல் உயர் நீதிமன்றம் அந்தச் சிறையை நிறுத்திவைத்து, சமூக சேவை செய்யச் சொன்னது.

180 ராண்டுக்கு யாரும் போலீஸில் போய் எழுதப் போவதில்லை. மகனைப் பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. "அவர்கள் தவறு, நம்முடையது இல்லை" என்ற பேச்சு கோர்ட்டில் நிற்காது என்பதற்காகச் சொல்கிறேன். குற்றம் ஒரு பக்கம் இருக்கட்டும், தவறுதலாகக் கொடுத்ததைத் திரும்பக் கேட்கும் உரிமை கடைக்கு இருக்கிறது. சாதாரணக் கடன் போல மூன்று ஆண்டு வரை கேட்கலாம்.

இதற்கு நேர் எதிரான தவறையும் நம் ஆட்கள் செய்வதுண்டு. சட்டப்படி தமக்குச் சேர வேண்டியதையே பிழை என்று நினைத்துக் கூச்சப்பட்டு விட்டுக்கொடுப்பார்கள். அலமாரிச் சீட்டில் எண்ணெய் 89.99, டில்லில் 104.99 என்று வந்தால், 89.99க்குத் தரச் சொல்வது பேராசை ஆகாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2008, பிரிவு 23, காட்டிய விலைக்கு மேல் கேட்கக் கூடாது என்கிறது. ஒரே பொருளுக்கு இரண்டு விலை காட்டியிருந்தால் குறைந்ததுதான் செல்லும். முடிந்துபோன ஸ்பெஷலின் (தள்ளுபடி விலையின்) சீட்டை மறுநாள் காலையில் எடுக்க மறந்தது கடையின் வேலை. சீட்டில் உள்ள தேதியை மட்டும் படித்துக்கொள்ளுங்கள், முடியும் நாள் சின்ன எழுத்தில் போட்டிருக்கும்.

அதே பிரிவில் இரண்டு விலக்கு உண்டு. ஒன்று, பார்த்தாலே தெரியும் அச்சுப் பிழை: 8,999 ராண்ட் டிவிக்கு 899 என்று இருந்தால், அதைத் திருத்தி, பார்த்தவர்களுக்குத் தெரிவிக்க நியாயமான முயற்சி எடுத்த பிறகு கடை அந்த விலைக்குக் கட்டுப்பட்டதில்லை. இன்னொன்று, யாரோ ஒருவர் சீட்டை மாற்றி ஒட்டியிருந்தால். எதிராளி தவறிவிட்டார் என்று தெரிந்துகொண்டே வாய் திறக்காமல் ஒப்பந்தத்தைப் பிடித்துக்கொள்கிறவருக்கு உதவ முடியாது என்று 1992இல் ஒரு குத்தகை வழக்கிலேயே மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆன்லைனில் 899க்குப் பத்து டிவி ஆர்டர் போட்டுவிட்டு, கடை ரத்து செய்ததும் நுகர்வோர் புகார்களை விசாரிக்கும் ஒம்புட்ஸ்மனிடம் போகிறவர்களுக்கு இந்த வழக்கு தெரிந்திருந்தால் நேரம் மிச்சமாகும்.

டில்லில் சீட்டைவிடக் குறைந்த விலை விழுந்தால்? அது கடை கணினியில் போட்ட விலை, புது ஸ்பெஷலாகவே இருக்கலாம். "சீட்டில் வேறு போட்டிருந்ததே" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். "இதுதான் விலை" என்றால் நிம்மதியாகக் கட்டிவிட்டு வரலாம். எடை போடும் காய்கறியில் கொஞ்சம் கவனம் வேண்டும். தராசில் எண்ணைத் தட்டும்போது இஞ்சிக்குப் பதில் உருளைக்கிழங்கின் எண் விழுந்தால் விலை பாதிக்கும் கீழே போய்விடும். ஒட்டுச் சீட்டில் பெயர் இருக்கிறது, பையை வாங்கும்போதே படித்துவிட்டால் அங்கேயே மாற்றி ஒட்டித் தருவார்கள்.

வீட்டுக்கு வரும் டெலிவரியில் சட்டம் வேறு மாதிரி. கேட்டதற்கு மேல் அளவு வந்தால், கூடுதலாக வந்தது "கேட்காத பொருள்" ஆகிறது. அதற்கு உங்களிடம் காசு கேட்க முடியாது. ஆனால் வந்த 10 வேலை நாளுக்குள் "தவறி வந்துவிட்டது" என்று கடை தெரிவித்தால், அடுத்த 20 வேலை நாளுக்குள் எடுத்துப்போக விட வேண்டும். பக்கத்து வீட்டுப் பெயர் போட்ட பெட்டி உங்கள் வாசலுக்கு வந்தால், நீங்கள்தான் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு 20 வேலை நாள் வரை யாரும் வராவிட்டால்தான் அது உங்களுடையது. எடுத்துப்போகும் செலவு கடையைச் சேர்ந்தது, நீங்கள் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம்.

டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் பங்களாதேஷ் மார்க்கெட்டில் மேசை போட்டிருப்பவர்களிடம் இந்த டில், ஸ்லிப், கேஷ்-அப் எதுவும் கிடையாது. அங்கே கூடுதல் மீதி போனால் அது அந்த ஆயாவின் அன்றைய லாபத்திலிருந்தே போகிறது, எழுத்தில் எங்கேயும் நிற்காது, அவருக்கே தெரியவும் வராது. அடுத்த வாரம் அதே மேசைக்குப் போய்க் கையிலேயே கொடுங்கள், இங்கே அதுதான் சரியான வழி. பையில் பன்செலாவாக, அதாவது கொசுறாகப் போட்ட கொத்தமல்லியைத் திருப்பிக் கொடுக்கப் போய் அவரைச் சங்கடப்படுத்தாதீர்கள், அது பார்த்துத்தான் போட்டது.

சின்னக் கடைகளில் இப்போது அதிகம் நடப்பது ஸ்பீட்பாயிண்ட் (கார்டு இயந்திரம்) பிழை. டில்லோடு இணைக்காத இயந்திரத்தில் தொகையைக் கையால் தட்டுகிறார்கள். 1,250.00 என்பதற்கு ஒரு பூஜ்யம் விட்டுப்போய் 125.00 என்று போய்விடும். வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தியைக் கடை வாசலிலேயே பார்த்தால் பிடித்துவிடலாம். பிடித்த பிறகு பழையதை ரத்து செய்யச் சொல்லாதீர்கள். ரத்தான பணம் கணக்குக்குத் திரும்பச் சில நாள் ஆகும், அதற்குள் முழுத் தொகையும் மறுபடி போனால் மாதக் கடைசியில் உங்களுக்குத்தான் இடிக்கும். மீதி 1,125 ராண்டை மட்டும் இரண்டாவது தடவை தட்டச் சொல்லுங்கள். இரண்டு ஸ்லிப்பையும் ஒன்றாகப் பின் அடித்து, வங்கி ஸ்டேட்மெண்டில் இரண்டும் ஏறும் வரை வைத்திருங்கள்.